‘பதிவிறக்கு’ என்ற சொல்லை மாற்றிய எங்கள் சுல்தானா அக்காவுக்கு

சொல்லில் சுத்தமும் செயலில் சுறுசுறுப்பும் சினத்திலும் சிரிப்பும் சேரப்பெற்ற செம்மனச் செல்வியே! சிற்றூர்ச் சங்கங்களின் சலியாத் துணையே! வேங்கிக்கால் ‘தோள்துணை’ மையத்தின் வெளிச்சமே! பேருந்து நடத்துநரும் பெயர் சொல்லி இடம் பிடித்து வைக்கும் பெருமாட்டியே! பணி நிறைவு பெறும் இப்பொன்னாளில் பாசத்தோடும் பணிவோடும், கொஞ்சம் பயத்தோடும் உங்கள் முன் நிற்கிறோம். பயம் ஏனென்றால், இந்த மடலில் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று நீங்கள் இப்போதே தேட ஆரம்பித்திருப்பீர்கள்.

இப்படியே ‘நீங்கள், நீங்கள்’ என்று எழுதிக்கொண்டு போகத்தான் ஆசை. ஆனால் முகத்துக்கு நேரே யாராவது இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால், “டீ ஆறிடப் போவுது, யார் யாருக்கு வேணும்?” என்று எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறோம். சுல்தானா அக்கா என்று வேறு யாரோ ஒருவர் இருந்ததாகவும், அவர் கதையைச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். தயவுசெய்து உட்காருங்கள்.

தேரடித் தெருவில் வளையல் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் அந்த சுல்தானா அக்கா. வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் ஆள். கடைப் பலகையில் எழுத்துப் பிழை கண்டால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அப்படிப்பட்டவர் தோள்துணைக்கு வந்து சேர்ந்தார். தொண்டு செய்கிறவர்களுக்குத் தொண்டு செய்வதுதான் இந்த மையத்தின் வேலை. சின்னச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தருவது, அறிக்கை தயாரிக்க உதவுவது, உதவி செய்கிற அமைப்புகளிடம் கைபிடித்து அழைத்துப் போவது. தலை நரைக்கும் வரை அக்கா அதைச் செய்தார். ஊர் ஊராகப் பேருந்தில் போய், உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுச் செய்தார்.

அவர் நட்டு வளர்த்தவற்றில் மனசுக்கு மிக நெருக்கமானது அடி அண்ணாமலையின் பௌர்ணமிக் காப்பகம். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் விடிய விடிய வியாபாரம். கடை போடும் பெண்களின் பிள்ளைகள் தள்ளுவண்டிக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை சரசுவும் மற்ற பெண்களும் சேர்ந்து சங்கம் தொடங்கி, அலையாய் அலைந்து பதிவு செய்து, பிள்ளைகளைப் படுக்க வைக்க ஒரு வீடு பிடித்தார்கள். பாலும், பாயும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஓர் உதவி அமைப்பின் தயவில் கிடைத்தன.

பிறகு காலம் மாறியது. சங்கங்களிடம் நாங்கள் நேரில் தாளாக வாங்கிக்கொண்டிருந்த அறிக்கைகளெல்லாம் இனி செல்போன் செயலியில் என்றானது. எங்கள் செழியன் அந்தச் செயலியை அழகாகத்தான் செய்தார். சங்கத்துக்கான உறுதிமொழித் தாளை அதிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்பினால் போதும். ஆண்டு முடிவதற்குள் அனுப்பாத சங்கம் செயல்படாத சங்கம் என்று பெயர் வாங்கும், உதவியும் நின்றுவிடும்.

டவுன் சங்கங்கள் சட்டென்று அனுப்பின. கிராமத்துச் சங்கங்கள் ஒன்றுகூட அசையவில்லை. கேட்டால் டவர் இல்லை என்றார்கள், போன் சூடாகிறது என்றார்கள். “அவங்களுக்கு இதெல்லாம் வராது அக்கா” என்று எங்களில் சிலர் பேச ஆரம்பித்தோம். அக்காவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆண்டு முடிவு நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. தள்ளுவண்டிக்கு அடியில் மறுபடியும் அந்தச் சாக்கு விரிக்கப்படுமோ என்பதுதான் அவர் கவலை.

ஒரு மத்தியானம் பஸ் பிடித்து சரசு கடைக்குப் போனார். எதுவும் விசாரிக்கவில்லை. தலைமேல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டே, “கண்ணாடிய எங்கியோ வெச்சிட்டேன் சரசு, இதுல என்னா போட்டிருக்குதுன்னு படிச்சு சொல்லு” என்று தன் போனை நீட்டினார். சரசு சங்கத்தின் பெயரைப் படித்தார். பதிவு எண்ணைப் பெருமையாகப் படித்தார். அதற்கு நேர் கீழே விரல் நின்றுவிட்டது.

“இத மட்டும் தொட மாட்டேன் அக்கா.”

“ஏம்மா?”

“பதிவு இறக்குன்னு போட்டிருக்குது. மேல நம்ம பதிவு நம்பரு. செவப்புல வேற இருக்குது. தொட்டா பதிவு எறங்கிடும்ல? அவ்ளோ அலைஞ்சு வாங்கனதுக்கா. அப்புறம் புள்ளைங்கள நான் எங்க படுக்க வெப்பேன்?”

“எங்கள ஒரு வார்த்த கேக்கலாம்ல?”

சரசு கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “சங்கம் ஜாஸ்தியா ஆயிடுச்சு, கம்மி பண்றாங்க போலன்னு நெனச்சோம். நேரா சொல்ல மனசு வரல, நாங்களே எறக்கிக்கட்டும்னு உட்டுட்டீங்கன்னு எல்லா ஊர்லயும் பேசிக்கினோம்.”

அக்காவுக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. காரணம், அந்தச் சொல் அவருடையது. செழியன் ‘டவுன்லோட்’ என்றுதான் போட்டிருந்தார். “தமிழ்ல சொல் இருக்கறப்போ எதுக்கு இங்கிலீசு?” என்று அடம்பிடித்து ‘பதிவிறக்கு’ என்று மாற்றியவர் அக்காதான். திரும்பி வரும்போது பேருந்தில் அழுதாராம். பிறகு எங்களிடம் சொன்னார்.

அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும், “வார்த்த என்னுது, தப்பும் என்னுது” என்றார். “செவப்பு என்னுதுக்கா” என்றார் செழியன். “எல்லாருக்கும் புரியற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பிடலாம்.”

“வீடியோ பாக்கறதுக்கும் அதே பட்டனத்தானே தம்பி தொடணும்?”

பயிற்சி தேவைப்படுவது சங்கத்துக்கு அல்ல, சொல்லுக்கு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அக்கா சரசுவுக்கு போன் போட்டார்.

“சரசு, டீயப் போட்டு மேசை மேல வெச்சிட்டு என்னா சொல்லுவ?”

“எடுத்துக்கோங்கன்னு சொல்லுவேன். வேற என்னா சொல்லுவாங்க?”

அதையே போட்டோம். இலக்கணம் பிசகினால் தூக்கம் வராதவர், பேச்சுச் சொல் ஒன்றைத் தன் கையாலேயே தட்டச்சு செய்தார். சிவப்பு பச்சையானது. அடி அண்ணாமலைத் தாள்தான் முதலில் வந்தது. ஆண்டு முடிவதற்குள் மற்ற ஊர்களும் வந்துவிட்டன. போன பௌர்ணமியும் பிள்ளைகள் பாயில்தான் தூங்கினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் மையத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. புதிய செயலியோ குறுஞ்செய்தியோ, கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவோ, எது வந்தாலும் வெளியே அனுப்பும் முன் செழியனே கேட்கிறார்: “சரசு படிச்சாங்களா?” காலம் எவ்வளவு வேகமாக ஓடினாலும், யாருக்காகச் செய்கிறோமோ அவர் வாயால் ஒருமுறை படிக்கக் கேட்காமல் நாங்கள் எதையும் அனுப்புவதில்லை. சுல்தானா அக்கா எங்களுக்கு விட்டுப்போகும் சொத்து அதுதான்.

கதை முடிந்தது. இனி நீங்கள் நீங்களேதான்.

அன்பின் ஊற்றே! அயராத உழைப்பே! முழங்கால் வலி முற்றும் விலகி, கண்ணாடியின் எண் கூடாமல், பேத்தி ஹஃப்சாவின் பாடப் புத்தகத்துப் பிழைகளையெல்லாம் திருத்தி மகிழ்ந்து, நிறைந்த நலத்தோடும் நீண்ட ஆயுளோடும் நீங்கள் வாழ மனமார வாழ்த்துகிறோம். நாளை காலை உங்கள் நாற்காலியைப் பார்த்தால் எங்களுக்கு அழுகை வரும். அதைச் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. பிறருக்கு வாரிக் கொடுத்தே பழகிய நீங்கள் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. பொன்னாடை போர்த்தினால் பக்கத்தில் இருப்பவர் தோளுக்கு மாற்றிவிடுவீர்கள். அதனால் இந்த மடலின் முடிவில் ‘அன்புகூர்ந்து ஏற்றருள வேண்டுகிறோம்’ என்று எழுதி, வழக்கப்படி சரசுவிடம் படிக்கக் கொடுத்தோம். அந்த வரியில் அவர் விரல் நின்றது. “இது நம்ம அக்காவுக்குச் சொல்ற மாதிரியே இல்லியே” என்றார். மாற்றிவிட்டோம்.

அக்கா, எடுத்துக்கோங்க.

உங்கள் குரல் கேட்டு வளர்ந்த
தோள்துணை மையப் பணியாளர்கள்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.