எல்லோருக்குள்ளும் தூங்கும் கிருமி

காட்பாடியில் நான் ஏறிய பாசஞ்சரில் எதிர் சீட்டில் மூன்று பேர். ஷூ கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஓர் ஆள். மருந்தில் முடி கொட்டிய தலைக்கு முக்காடு போட்ட அவர் மனைவி ஷமீம். அந்த ஆளின் அக்காள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்பூருக்குத் திரும்புகிறார்கள். ஜன்னலோரம் நான்.

“டாக்டரம்மா உடம்புலயும் அந்தக் கிருமி இருக்குதாம்,” என்றார் அந்த ஆள். நான் திரும்பிப் பார்த்தேன்.

“இன்னாடா சொல்ற? இவ கழுத்துல கேன்சர் கட்டி வந்துச்சே, அந்தக் கிருமியா?” என்றாள் அக்காள்.

“அதேதான். சின்ன வயசுலயே எச்சில்ல வந்துடுமாம். எல்லாருக்குள்ளயும் சும்மா தூங்கினு இருக்குமாம். சில பேருக்கு மட்டும் ஏன் கட்டியாவுதுன்னுதான் அந்தம்மா ஆராய்ச்சி பண்றாங்க. கேன்சர் ஒட்டாதுன்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப எனக்கும் இருக்குமா?”

“உனக்கு வாய் ஜாஸ்தி. கிருமியும் ஜாஸ்திதான் இருக்கும்.”

ஷமீம் சிரித்தாள். அக்காள் சிரிக்கவில்லை.

“நாந்தான்டா இவளுக்குத் தனித் தட்டு வெச்சேன். வீடே ஒரே தாம்பாளத்துல சாப்புடுது. இவ மட்டும் மூலையில ஒக்காந்து தின்னா.”

“புள்ளைங்களுக்காகப் பயந்தீங்க. விடுங்க அண்ணி. எனக்கும் அந்த பயம்தான். கேக்க வாய் வரல. அந்தம்மா தானா சொன்னாங்க. அவங்க நல்லா இருக்கணும்.”

ஆம்பூர் வந்தது. ஷமீமின் பையை அக்காள் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அண்ணி, இன்னிக்கு சாப்பாட்டுக்கு எத்தன தட்டு எடுக்கட்டும்?”

“ஒண்ணு. தாம்பாளம் மட்டும்.”