சமையலறையில் நிற்கிறவள்

இரவு இரண்டே முக்கால். பைபாஸ் ரோடு. லாரிகள்கூட ஓய்ந்துபோகிற நேரம்... ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். நைட்டிமேல் ஒரு துப்பட்டா. கையில் பிளாஸ்டிக் கூடை. ஒரு காலில்தான் செருப்பு; இன்னொன்று எந்த இடத்தில் அறுந்தது என்று அவளுக்கே தெரியாது. டப்... சர்ர். டப்... சர்ர். அந்த ரோட்டில் அவ்வளவுதான் சத்தம்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனே மெழுகுவத்தி வாங்கப் போயிருக்கிறான்.

இது நம் தெருமுனைத் தையலக்காவின் தங்கைக்கு நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டதல்ல. துணி தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையலக்கா வாயாலேயே கேட்டேன். அளவெடுக்க ஐந்து நிமிடம், இதைக் கேட்க மூன்று மணி நேரம். நான் எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருந்தால் அது உங்கள் நல்லதுக்குத்தான்.

தங்கைக்குப் புருஷன் இல்லை. இருக்கிறான், எங்கே என்றுதான் தெரியாது. அதை இன்னொரு நாள் பேசலாம். ஒரே மகள், பதினோரு வயது, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தங்கை ஒரு பெரிய வீட்டோடு தங்கி வேலை செய்தாள். வீட்டம்மா, ஐயா, இரண்டே பேர். இரண்டு பேருக்கு ஆறு அறை. ஆறு அறைக்கு ஒன்பது கேமரா. "சாமிகூட எப்பவாவது கண்ணை மூடும்க்கா, அந்த வீடு மூடாது" என்பாளாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவளுக்கு லீவு. முதல் பஸ் பிடித்து விடுதிக்குப் போவாள். மகளுக்குப் பேன் பார்ப்பாள், நகம் வெட்டுவாள், கணக்கு டீச்சரைப் பற்றிய புகார்களை ஒன்றுவிடாமல் கேட்பாள். சாயங்காலம் திரும்பிவிடுவாள். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்றப் பதின்மூன்று நாளையும் ஓட்டினாள்.

அவளுக்குப் படுக்கை சமையலறைக்குப் பின்னால், ஸ்டோர் ரூமில். ஒரு பக்கம் மளிகைச் சாமான் அலமாரி, ஒரு பக்கம் வாஷிங் மெஷின், நடுவில் ஒரு இரும்புக் கட்டில். கட்டிலுக்கு நேர் மேலே கேமரா. வந்த அன்று ராத்திரி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பவில்லை... மேலேயிருந்து குரல்.

"துண்டை எடும்மா."

வீட்டம்மாதான். மாடியில் படுத்தபடி போனிலிருந்து கேமரா வழியாகப் பேசுகிறாள்.

"மேடம்... துணி மாத்தணும்."

"பாத்ரூம்ல மாத்திக்கோ. உன்னைப் பார்க்க இல்லம்மா அது, சாமானைப் பார்க்க."

சர்க்கரை டப்பா எழுந்து ஓடிவிடுமா, சொல்லுங்கள். நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள், மூன்றாம் மாடி அக்கா? உங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதானே. அதுவும் பாப்பாவுக்காக.

அந்தக் கேமராக்களுக்கு முகம் அடையாளம் தெரியும். புதிய ஆள் வந்தால் வீட்டம்மாவின் போனில் கேட்கும், இது யார் என்று. ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அதுவே சொல்லிவிடும். ஐயா வாசலில். பால்காரர் வாசலில். தங்கை வந்த அன்றும் கேட்டது. வீட்டம்மாவுக்குப் பெயரை அடிக்கச் சோம்பல். பட்டியலில் 'வேலைக்காரி' என்று ஏற்கெனவே ஒன்று இருந்தது, முன்பு இருந்தவளுக்குப் போட்டது. அதையே அமுக்கிவிட்டாள். முன்பு இருந்தவளுக்கும் அப்படித்தான் அமுக்கியிருந்தாள். அவளுக்கும் முன்பு இருந்தவளுக்கும். ஆக மொத்தம் ஐந்து பெண்கள், ஐந்து முகம்... கேமராவுக்கு எல்லாம் ஒரே ஆள்.

மூன்று மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சனிக்கிழமைக் காலை வீட்டம்மா போனை நீட்டினாள்.

"ராத்திரி பதினொன்னே முக்காலுக்குச் சமையலறையில என்ன வேலை உனக்கு?"

பத்து மணிக்குமேல் ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். தண்ணீரைக்கூடப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"நான் வரலையே மேடம். தூங்கிட்டேன்."

படத்தில் சாம்பல் நிறத்தில் சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் ஒருத்தி நிற்கிறாள். நைட்டி. அவிழ்ந்த முடி. முதுகுதான் தெரிகிறது. கீழே எழுத்தில்: தெரிந்த முகம், வேலைக்காரி.

தங்கை உற்றுப் பார்த்தாள். "முதுகுதானே மேடம் தெரியுது? முகத்தை அது எப்படிக் கண்டுபிடிச்சுது?"

"அதெல்லாம் டெக்னாலஜி. உனக்குப் புரியாது."

ஐயா ஷூ மாட்டிக்கொண்டே சிரித்தார். "அவ இல்லேன்னா அவ ஆவியா இருக்கும். விடேன்."

வீட்டம்மா விடவில்லை. மறுநாள் லீவு ரத்து.

இரண்டு வாரம் கழித்து, மறுபடி அதே படம். இந்தத் தடவை தங்கை யோசித்து வைத்திருந்தாள். "அதே நேரத்துக்கு என் ரூம் கேமராவைப் போட்டுப் பாருங்க மேடம். நான் படுத்திருக்கிறது தெரியும்." நியாயம்தானே? ராவும் பகலும் வேவு பார்க்கிற சாதனம் ஒரு நாளாவது நமக்குச் சாட்சி சொல்லாதா?

வீட்டம்மா போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினாள்.

அலமாரி இருக்கிறது. வாஷிங் மெஷின் இருக்கிறது. கட்டில் இருக்கிறது... விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தட்டையாகக் கிடக்கிறது. ஆள் இல்லை.

அவள் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். முதுகு வலிக்கிறது என்று புரண்டு புரண்டு படுத்திருந்தாள்.

இரண்டாவது ஞாயிறும் போயிற்று. இப்போது தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் நடக்கிறேனோ? துப்பட்டாவை முறுக்கி ஒரு காலைக் கட்டில் காலோடு கட்டினாள். மூன்று முடிச்சு. தையல்காரியின் தங்கை போட்ட முடிச்சு, அவ்வளவு லேசில் அவிழாது.

நடுச்சாமத்தில் விழிப்பு வந்தது. முதலில் நாற்றம்... நாள்பட்ட ஈர ஸ்பாஞ்சு நாற்றம். பிறகு சமையலறைக் குழாய், நூல் மாதிரி ஒழுகும் சத்தம். அது நின்றது. பிறகு தலைக்குமேல்... ர்ர்ர்ர்ர். கேமரா திரும்புகிறது. ஆள் அசைந்தால் அந்தப் பக்கம் தானாகத் திரும்புகிற வகை அது. முதலில் கதவைப் பார்த்தது. நின்றது. ர்ர்ர்... அலமாரி. ர்ர்ர்... வாஷிங் மெஷின். ர்ர்ர்... கட்டில்.

அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அரை அடி தள்ளி, கட்டில் ஓரத்தைப் பார்த்து நின்றது. அந்த ஓரம் கிரீச்சென்று... மெதுவாக அமுங்கியது.

காலையில் மூன்று முடிச்சும் போட்டபடி இருந்தன. விரிப்பின் ஓரம் ஈரமாக இருந்தது. பாத்திரம் துலக்கும் சோப்பு வாசனை.

குப்பை கொட்டப் போன சாக்கில் வாட்ச்மேனிடம் கேட்டாள். "அண்ணே, எனக்கு முன்னாடி இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க?"

வாட்ச்மேன் காதைச் சொறிந்தார். "உன்னோட சேர்த்து அஞ்சு பேர் உள்ள போனதைப் பார்த்திருக்கேம்மா."

"வெளிய வந்தது?"

"எனக்குப் பகல் டூட்டிதானே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அடுத்த லீவுக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி அதே படம்; மூன்றாவது லீவும் இல்லை என்றாகிவிட்டது. அன்று சாயங்காலம் மகள் விடுதி போனிலிருந்து பேசினாள். அழவில்லை, அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. "நாளைக்கும் வரலேன்னா இனிமே வரவே வராதம்மா. நான் கேட்டுக்கு வந்து நிக்க மாட்டேன்."

ராத்திரி பன்னிரண்டரைக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அறைக்கதவைத் திறந்ததும் மேலேயிருந்து குரல் வரும் என்று மூச்சைப் பிடித்து நின்றாள். வரவில்லை. கேமரா திரும்பவில்லை. சமையலறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே என்ன பார்த்தாள் என்று நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் தையலக்கா காஜா எடுக்கக் குனிந்துகொண்டாள்.

ஹாலில் கேமராவுக்கு நேரே நின்று தங்கை கையை ஆட்டினாளாம். வீம்புக்கு நாக்கைக்கூடத் துருத்தினாள். ஒரு அசைவு இல்லை. வாசல் கேட்டில் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு எரியவில்லை. இருட்டிலேயே தடவித் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தப்பித்தோம் என்று நினைத்தாளாம், பாவம். மனசுக்குள் பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு பைபாஸ் ரோட்டில் நடந்தாளாம். விடிவதற்குள் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

காலை எட்டு மணிக்கு அக்காவும் தங்கையும் விடுதி வாசலில் நின்றார்கள். அங்கே கேட்டில் ஆள் கிடையாது. ஒரு அழைப்பு மணி, ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர். மாடியில் வார்டன் திரையில் பார்த்து, பெற்றவர்கள் என்றால் பொத்தானை அமுக்குவாள், கேட் திறக்கும். முன்பெல்லாம் தங்கை வந்து நின்ற மறு நொடி திறந்துவிடும்.

தங்கை மணியை அடித்தாள்.

"யாருங்க?" வார்டன் குரல். "ஓ, பெரியம்மாவா? தனியா வந்தா அனுப்ப மாட்டோம்னு தெரியாதா? அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

தையலக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்கிறாள். உள்ளங்கை வேர்த்திருக்கிறது.

"இதோ நிக்கிறாளேம்மா, என் பக்கத்துல!"

"கேமராவுல நீங்க மட்டும்தாங்க தெரியறீங்க."

"புள்ளையையாவது கூப்பிடுங்க. கீழ எட்டிப் பார்க்கச் சொல்லுங்க."

விடுதிக் கட்டடம் உள்ளே தள்ளி, மதில் இரண்டு ஆள் உயரம். மகள் ஸ்பீக்கருக்குத்தான் வந்தாள். "பெரியம்மா... அம்மா வரலியா?"

தங்கை ஸ்பீக்கரோடு வாயை ஒட்டிக் கத்தினாள். "அம்மா வந்துட்டேன்டா கண்ணு! நான்தான்டி!"



"அம்மா குரல்ல பேசாதீங்க பெரியம்மா."

அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே குரல். போனில் மாற்றி மாற்றிப் பேசி அந்தப் பிள்ளையை எத்தனை முறை ஏமாற்றிச் சிரித்திருப்பார்கள்! பிள்ளை அன்றைக்கு ஏமாறத் தயாராக இல்லை.

"அம்மா அங்கதான் இருக்காங்க. காலைல அந்த வீட்டு மேடமே வார்டன் போன்ல காட்டினாங்க. நான் ஏங்கிப் போயிடுவேன்னு, தினமும் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. அம்மா பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. நான் கை காட்டினேன்... அம்மாவும் திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினாங்க."

தங்கைதான் முணுமுணுத்தாளாம்... "அந்தச் சமையலறையில படம் தெரியற திரையே கிடையாதேக்கா. இந்தப் புள்ள கை காட்டினது அதுக்கு எப்படித் தெரியும்?"

ஸ்பீக்கரின் பச்சை விளக்கு அணைந்தது.

தையலக்கா வீட்டம்மாவுக்குப் போன் போட்டாள். "என் தங்கச்சி என்கிட்ட வந்துட்டா மேடம்."

"என்னங்க விளையாடறீங்க? இதோ பாத்திரம் தேய்ச்சிட்டு நிக்கிறா. இப்பல்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்லை. ரொம்பத் திருந்திட்டா."

"நேர்ல பார்த்தீங்களா?"

"நேர்ல எதுக்குப் பார்க்கணும்? அதான் போன்ல தெரியுதே."

போலீஸுக்கும் போனார்கள். அங்கே ரைட்டர் கேட்டது நியாயமான கேள்வி: காணாமல் போனது யார், புகார் கொடுப்பது யார்?

அவளை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் தெரிகிறாள். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் விடுதி வாசலுக்குப் போய் மணியை அடித்துவிட்டு வருகிறாள். இப்போதெல்லாம் யார் என்றுகூடக் கேட்பதில்லையாம். மணி தானாக அடிக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்று வார்டன் எழுதிப் போட்டிருக்கிறாள்.

விடுதிக்கு ஆண்டு லீவு விடப்போகிறார்கள். மகளை எங்கே அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது வீட்டம்மா பெரிய மனது பண்ணினாள். காரையே அனுப்புகிறாளாம், பிள்ளை அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று. பிள்ளையும் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை.

போன வாரம் தையலக்காவின் போனுக்கு வீட்டம்மா ஒரு படம் அனுப்பினாள். 'உங்க தங்கச்சி இப்பவே ஏற்பாடு பண்ணிட்டா பாருங்க' என்று எழுதியிருந்தது. தையலக்கா எனக்கும் காட்டினாள். ஸ்டோர் ரூம். தட்டையாகக் கிடக்கும் கட்டில். அதன் பக்கத்தில், தரையில், புதிதாக ஒரு சின்னப் படுக்கை... போர்வை ஓரம் மடித்து, தலைமாட்டில் சின்னத் தலையணை. படத்தில் யாரும் இல்லை.

தலையணையில் மட்டும் ஒரு பள்ளம்... பதினோரு வயதுப் பிள்ளையின் தலை அளவுக்கு.