பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஃபாதர், எனக்குச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். மற்றபடி நான் எளிமையான ஆள்.

பங்கு மாத இதழில் பதினாறு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். கேள்வி-பதில் பக்கத்தை உங்களுக்கு முன்பிருந்த பெரிய ஃபாதர்தான் எழுதிவந்தார். அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தபோது, ஒரே கேள்விக்கு மூன்று மாதத்தில் மூன்று பதில் வந்தது. அவர் மானத்தைக் காப்பாற்றவே நான் பேனாவை எடுத்தேன். பெயர் அவருடையது, பதில் என்னுடையது. இதைப் பொய் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் புனைபெயர் என்பேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள்தான். நற்கருணைக்கு அரை மணி முன்பு மிட்டாய் சாப்பிடலாமா? கூடாது, கரைந்துபோனாலும் மிட்டாய் மிட்டாய்தான். மாமியாரைப் பற்றி உண்மையைச் சொன்னால் புறணியா? ஆம், உண்மை என்பதால் கூடுதல் ருசியுள்ள புறணி. வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள்.

சென்ற தவக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. கீழே 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' என்றிருந்தது. 'எனக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணமாகாத அண்ணனுக்குச் சமைத்துப் போடுகிறேன். நல்லவர் ஒருவர் என்னைக் கேட்கிறார். அண்ணனைத் தனியே விட்டுப் போவது பாவமா?'

என் தங்கையின் கையெழுத்து. காய்கறிச் சீட்டில் தினமும் பார்ப்பதுதானே. அந்த நல்லவர் கண்ணாடிக் கடைக்காரர் என்பதும் எனக்குத் தெரியும். என் மூக்கின்மேல் இருப்பதே அவர் போட்டுத் தந்த கண்ணாடிதான். எழுத்து நன்றாகவே தெரிந்தது.

ஒரு வாரம் விவிலியத்தைப் புரட்டினேன். ஆண்மகன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு சேர்வான் என்று இருக்கிறது. தங்கை அண்ணனை விடலாமென்று எங்கும் இல்லை. மார்த்தாளை ஆண்டவர் கடிந்துகொண்டதும் புலம்பியதற்காகத்தான், சமைத்ததற்காக அல்ல. ஆகவே எழுதினேன்: 'தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணனே தகப்பன். தாய் தகப்பனை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை அவருக்கும் பொருந்தும். கண்ணாடிக் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். தியாகம் அதைவிட நல்லது.'

இதழ் வந்த அன்று அவள் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கண்ணு சிவந்திருக்கு?"

"சோப்புத் தண்ணி தெறிச்சிருச்சுண்ணா."

நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

கடைக்காரர் ஒருநாள் என்னிடமே வந்தார். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"இது மனசாட்சி விஷயங்க. நான் தலையிடறது தப்பு" என்றேன்.

மூன்று மாதத்தில் கடையைக் காலிசெய்துவிட்டுத் தன் அக்கா ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறாராம்.

போன வாரம் அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய தாள்களை மாற்றும்போது, அந்தப் பக்கம் மறுபடி அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அவளுடைய கடிதத்தில் கண்ணாடிக் கடை என்ற பேச்சே கிடையாது, ஃபாதர். அதை நான்தான் சேர்த்திருந்தேன். பதினாறு ஆண்டில் நான் கோட்டைவிட்ட பிழை அது ஒன்றுதான்.

என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. நேற்றுத் தபாலில் ஒரு கேள்வி வந்தது. இந்த முறை பெயரும் வீட்டு விலாசமும் போட்டிருந்தாள். 'எனக்குப் பதில் எழுதியவரை மன்னித்துவிட்டேன். இனி அந்த வீட்டைவிட்டுப் போகலாமா?'

நீங்கள் கூப்பிட்டு அனுப்புவதற்கு முன்பே பதிலை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எழுபது தடவை ஏழு முறை மன்னிக்க வேண்டும் என்பது ஆண்டவர் வாக்கு. அவளுக்கு ஒருமுறைதான் ஆகியிருக்கிறது. மீதியை முடிக்க இருவரும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று விளக்கியிருக்கிறேன். படித்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.