ரெண்டு வருஷத்துக்கு ஒரு லைன்

— ...அதனால நெட் லைனுக்கு மஞ்சள் டப்பாக்காரன் வேண்டாம். லிஸ்டுல அவன் பேரை அடிச்சுட்டேன். அடுத்தது நீலச் சட்டைக்காரன்.

— அப்பா, நில்லுங்க நில்லுங்க. எதுக்கு அடிச்சீங்க? நூறு எம்.பி. தர்றேன்னு விளம்பரத்துல கூவுறானே?

— கூவுவான். நாங்ககூடத்தான் பஸ் முன்னாடி ‘இடைநில்லா’ன்னு போர்டு மாட்டுறோம். நாலு இடத்துல நிக்காம போறோமா?

— டிரைவர் சாரே இப்படிச் சொல்லலாமா?

— இருபத்தெட்டு வருஷமா ஓட்டுறேன், நான் சொல்லாம வேற யாரு சொல்றது? இங்க பாரு பாப்பா. வர்ற வேகம் நூறு. சரி, ஒத்துக்கிறேன். போற வேகம் எவ்வளவு தெரியுமா? அஞ்சு! வர்றதுக்கு எட்டு வழிச் சாலை, போறதுக்கு ஒத்தையடிப் பாதை. நீ என்ன பண்றே? சாயங்காலமானா உக்காந்து கேம் ஆடுறே. நீ ஆடுறதை முந்நூறு பேர் அவங்கவங்க வீட்டுல இருந்து நேரலையா பார்க்கிறாங்க. அப்போ உனக்கு எந்தப் பாதை முக்கியம்?

— போற பாதை. அது சரி, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

— வாய் எதுக்கு இருக்கு? கேட்டேன். சும்மா கேட்டுட்டு நம்பிடலை. ஒவ்வொருத்தன் லைனையும் நேர்ல போய்ப் பார்த்தேன். மூணு சாயங்காலம். எட்டு மணிக்கு, எல்லா வீட்டுலயும் டிவி ஓடுற நேரமா பார்த்து. இந்தா, கணக்கா எழுதி வச்சிருக்கேன்.

— இது என்ன... ஐயோ, டிப்போவுல கொடுக்கிற ட்ரிப் ஷீட்டு!

— கட்டம் போட்டு தயாரா இருக்கு, வேற எதுக்கு நோட்டு? ‘புறப்பட்ட நேரம்’ இருக்கே, அதுல சோதிச்ச நேரம். ‘பயணிகள்’ இருக்கிற கட்டத்துல, அந்த வீட்டுல அப்போ எத்தனை போன் லைன்ல இருந்துச்சுன்னு போட்டிருக்கேன். சிரிக்காதே. ஆள் ஏற ஏற வண்டி இழுக்காதில்லை? அது மாதிரிதான் இதுவும்.

— ‘வழியில் ஏற்பட்ட கோளாறு’... ‘அந்தம்மா சீரியல் பார்த்தார்.’ அப்பா!

— கோளாறுதானே அது?

— யாரைக் கோளாறுங்கிறீங்க? அடுப்படியிலதான் நிக்கிறேன், காது ஒண்ணும் செவிடாகலை.

— உன்னை இல்லை தாயே. இது வேற ஒரு அம்மா.

— எந்த அம்மா?

— ஒரு நர்ஸம்மா. ரெண்டாவது மாடி.

— ஓஹோ. நர்ஸம்மா வீட்டுல உக்காந்து எட்டு மணிக்கு என்ன சோதனை பண்ணினீங்க?

— பாப்பா, உங்கம்மாவுக்கு நீயே விளக்கிச் சொல்லிடு. என்னால ஆகாது.

— அம்மா, அப்பா நெட் வேகத்தைத்தான் பார்த்தாராம். நாம நாளைக்கு விசாரிப்போம், இப்போ விடு. ஏம்ப்பா, நம்ம தெருவுல யாரு நர்ஸு? ஊரெல்லாம் ஏறி இறங்கி மானத்தை வாங்கிட்டீங்களா?

— நம்ம தெருவுல ஒருத்தர் வாசலையும் நான் மிதிக்கலை. போதுமா?

— அதுசரி, எட்டு மணிக்கு நீங்க டூட்டியில இல்ல இருப்பீங்க?

— என் டூட்டி நேரத்தை உன்னைக் கேட்டுக்கிட்டா ஓட்டுறேன்? விஷயத்துக்கு வா. பிங்.

— பிங் வேறயா? சரி, பிங்குன்னா என்ன, சொல்லுங்க பார்ப்போம்.

— நீ பிரேக்கை மிதிக்கிறதுக்கும் வண்டிக்கு அது தெரியறதுக்கும் நடுவுல இருக்கிற நேரம். வேகம் எவ்வளவு வேணா இருக்கட்டும். பிரேக் லேட்டா பிடிச்சா, மோதின பிறகுதான் நிக்கும். இதைத்தானே நீ தினம் ராகம் போட்டு அழுவே? ‘நான் முதல்ல சுட்டேன், அவன் எப்படி என்னைச் சுட்டான்’னு?

— அப்பா, சத்தியமா சொல்றேன், இவ்வளவு தெளிவா எனக்கே யாரும் சொன்னதில்லை.

— இப்போ கேளு. கம்பியே இல்லாம காத்துல அனுப்புறானே டவர்காரன், அவன் பிங் எண்பது. தூறல் போட்டா நூத்தைம்பது. மஞ்சள் டப்பாக்காரன் நாப்பது. நீலச் சட்டைக்காரன் ஒன்பது! மூணு நாளும் ஒன்பது. வர்ற வேகமும் நூறு, போற வேகமும் நூறு. கண்ணாடி நூல் மாதிரி ஒண்ணு, அதை நேரா வீட்டுக்குள்ளயே இழுத்துக் கொடுத்துடறான். ஃபாரமும் வாங்கிட்டு வந்துட்டேன். பூர்த்தி பண்ணியாச்சு. உன் பேர்லதான் எடுக்கிறேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

— நல்ல லைன்தான். இல்லேங்கலை. ஆனா... இது என்ன கீழ? ரெண்டு வருஷ ஒப்பந்தமா?

— ஆமா. ரெண்டு வருஷம் அவன்கிட்டயே இருக்கணும். நடுவுல கழட்டக் கூடாது.

— அப்போ வேண்டாம்ப்பா. டவர்காரன்கிட்டயே வாங்கிக்கலாம். அவன்கிட்ட ஒப்பந்தம் கிடையாது. மாசா மாசம் பார்த்துக்கலாம்.

— எண்பது பிங்கா?

— எண்பது போதும்ப்பா. ஒண்ணும் குடி முழுகிடாது.

— முந்தாநாள் வரைக்கும் முப்பது தாண்டினா வீட்டைத் தலைகீழா புரட்டிப் போட்டவ. உங்கம்மா போன்ல ஒரு பாட்டு கேட்டதுக்கு, ‘என் மேட்ச் போச்சு’ன்னு சாப்பிடாம படுத்தவ. இன்னைக்கு எண்பது போதுமா?

— மனுஷங்க மாற மாட்டாங்களா?

— ஒரே நாள்லயா?

— அப்பா, ரெண்டு வருஷம்னா நிறைய நாள். என்னென்னமோ நடக்கலாம். இப்பவே எதுக்குக் கட்டிப் போட்டுக்கணும்? அவ்வளவுதான் சொல்றேன்.

— என்ன நடக்கும்? சொல்லேன். நானும் தெரிஞ்சுக்கிறேன்.

— ஒண்ணுமில்லை.

— அடியே, எத்தனை நாளைக்குத்தான் மென்னு முழுங்குவே? சொல்லித் தொலை. இல்லேன்னா நான் சொல்றேன்.

— அம்மா, சும்மா இரு!

— நான் ஏன்டி சும்மா இருக்கணும்? பத்து நாளா நீ என்கிட்ட புலம்புறே. நான் இந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாம சமையல்கட்டுலயே குடித்தனம் பண்றேன். உப்பு எங்கன்னு கேட்டாக்கூட எனக்குத் திக்குனு இருக்கு. இதோ, அடுப்பை அணைச்சுட்டேன். வந்து உக்காந்துட்டேன். சொல்லு.

— சொல்றேன். அப்பா, நீங்க முதல்ல அந்தக் காகிதத்தைக் கீழ வையுங்க.

— வச்சாச்சு.

— எனக்கு வேலை கிடைச்சிருக்கு. கேம் பண்ற கம்பெனி. வெளியில விடுறதுக்கு முன்னால ஆடிப் பார்த்து, எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அதுதான் வேலை. நான் ஆடறதை நேரலையில பார்த்துட்டு அவங்களே கூப்பிட்டாங்க. ஆனா இங்க இல்லை. உங்க வண்டி போய் நிக்குதே, அந்த ஊர்ல. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும். நான்... வர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்ப்பா. உங்களைக் கேட்காம.

— ம்.

— போன வருஷம் இதே மாதிரி வெளியூர் வேலை வந்தப்போ உங்களைக் கேட்டேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா ஒரு வாரம் என்கிட்ட பேசவே இல்லை. டூட்டிக்குப் போனீங்க, வந்தீங்க, சாப்பிட்டீங்க, படுத்தீங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு எனக்குப் போக மனசு வரலை. நானே வரலைன்னு எழுதிப் போட்டுட்டேன். இந்தத் தடவையும் உங்க முகத்தைப் பார்த்தா அப்படித்தான் எழுதுவேன்னு பயம். அதனாலதான் முதல்ல எழுதிட்டு... அப்பா. ஏதாவது பேசுங்கப்பா. திட்டவாவது திட்டுங்க.

— ஏங்க, புள்ளை அழுவுது. வாயைத் திறங்க.

— கையெழுத்துப் போடு.

— என்னது?

— ஃபாரத்துல. பேனா அங்கதான் இருக்கு.

— அப்பா, நான் என்ன சொன்னேன்னு காதுல விழுந்துச்சா? நான் இங்க இருக்கப் போறதில்லை. ரெண்டு வருஷ லைனை வாங்கி யாருக்கு வைக்கப் போறீங்க? இப்படிப் பண்ணி என்னை நிறுத்தப் பார்க்காதீங்கப்பா. எனக்கு வலிக்குது.

— படிச்ச பொண்ணு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால மேல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க மாட்டியா? லைன் எந்த வீட்டுக்குன்னு கேட்டிருக்கான் பாரு. அந்த விலாசத்தைப் படி. சத்தமா படி, உங்கம்மாவும் கேட்கட்டும்.

— ‘மூணாவது மாடி, வலது பக்க வீடு, பழைய அச்சகத்துக்கு எதிரே...’ அப்பா. அப்பா, இது அந்த ஊரு. என் சிநேகிதி வீடு! நான் தங்கப் போற வீடு!

— ஆமா.

— உங்களுக்கு எப்படி?

— பதினோரு நாளைக்கு முன்னால உன் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வீட்டு நம்பருக்குப் போன் பண்ணுச்சு. நீ குளிச்சிட்டிருந்தே, உங்கம்மா மாடியில துணி உலர்த்திட்டு இருந்தா. ‘இங்க வந்து எங்க தங்கப் போறாங்க, விலாசம் இதுதானே’ன்னு படிச்சுக் காட்டுச்சு. ஆமாம்மா, அதேதான்னு சொல்லி வச்சுட்டேன்.

— எல்லாம் தெரிஞ்சுகிட்டா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க? பத்து நாளா எனக்குச் சோறு இறங்கலை!

— நீ மட்டும் சொன்னியா? அவளா வாயைத் திறந்து சொல்லட்டும்னு நானும்தான் காத்திருந்தேன்.

— அப்போ அந்த நர்ஸம்மா...

— உன் சிநேகிதிக்குக் கீழ் வீடு. நல்ல மனுஷி. வண்டி அங்க போய் நின்னா, திரும்ப எடுக்க எனக்கு மூணு மணி நேரம் இருக்கு. வழக்கமா தூங்குவேன். மூணு நாள் தூங்கலை, அவ்வளவுதான். அந்தக் கட்டடத்துல ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொருத்தன் லைன். எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்துட்டேன். உன் சிநேகிதி கதவைத் திறந்ததும், ‘ஐயோ அங்கிள்’னு பதறிப் போச்சு. ‘பாப்பாகிட்ட சொல்லாதேம்மா’ன்னு சத்தியம் வாங்கிட்டு வந்தேன்.

— துரோகி! நேத்துகூட ஒரு மணி நேரம் பேசினா, மூச்சு விடலை!

— ஏங்க, அப்போ நம்ம வீட்டுக்குப் புது லைன் இல்லையா?

— நமக்கு எதுக்கு? இவ போயிட்டா இருக்கிற லைனே காலியாத்தானே கிடக்கப் போகுது.

— அப்பா...

— அழாதே பாப்பா. ஃபாரம் நனையுது. இதைக் கேளு, ஒரு தடவைதான் சொல்வேன். போன தடவை உன் மேல எனக்குக் கோபமே இல்லை. என்ன பேசுறதுன்னு தெரியலை. வாயைத் திறந்தா ‘போகாதே’ன்னு வந்துடுமோன்னு மூடிக்கிட்டேன். நீ அதையே பதிலா எடுத்துக்கிட்டே. ஒரு வருஷமா ஸ்டியரிங்கைப் பிடிச்சா எனக்கு அதே நினைப்பு. என் புள்ளையோட வண்டியை நான்தான் நடுரோட்டுல நிறுத்திட்டேன்னு.

— நீங்க ஒண்ணும் நிறுத்தலைப்பா. நானாதான் நின்னேன்.

— யாரு நிறுத்தினாலும் நின்னது நின்னதுதான். இந்தா, பேனாவைப் பிடி.

— போட்டுட்டேன். போதுமா? ஏம்ப்பா, ஒண்ணு கேட்கட்டுமா? ஒப்பந்தமே இல்லாம மாசா மாசம் கட்டுற மாதிரி நீலச் சட்டைக்காரன்கிட்டயே இன்னொரு திட்டம் இருக்கே, இதோ கீழயே போட்டிருக்கான். அதை விட்டுட்டு ஏன் ரெண்டு வருஷத்துல டிக் அடிச்சீங்க?

— வேணும்னுதான் அடிச்சேன். ரெண்டு வருஷம் அங்க இருந்து வேலையைப் பாரு. அப்பா முகம் வாடிப் போச்சுன்னு நடுவுல கழட்டிட்டு வந்து நின்னே, கதவைத் திறக்க மாட்டேன்.