சுண்டெலிக்கு முளைத்த திசு

– அப்படியே நில்லுங்க அக்கா, காலுக்குக் கீழ கண்ணாடி. ஸ்லைடு தட்டு மொத்தத்தையும் நான்தான் கவுத்துட்டேன்.

– எந்தத் தட்டு? நம்ம கட்டுரையோடதா?

– வேற எதைக் கவுப்பேன்? ஒட்டின சீட்டெல்லாம் உரிஞ்சு போச்சு. எது எலி நுரையீரல், எது சுண்டெலியோடதுன்னே தெரியல.

– இங்க பாரு, கூட்டி அள்ளிக் குப்பையில போடு. நாளைக்கு நம்ம கட்டுரையை விசாரிக்கக் குழு வருது. உடைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்.

– அப்படி விட்ருவேனா? உடையாததை எல்லாம் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பிரிச்சுட்டேன் தாயே. பெருசா இருந்தா எலி நுரையீரல், சின்னதா இருந்தா சுண்டெலி.

– உன்னை யாரு கேட்டா?

– எலிக்கு மூச்சுக்குழல் ஓரமா நிணநீர்த் திசு நீலமா, கும்பலா, வந்துட்டுப் போகாத விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு. சுண்டெலிக்குச் சும்மா வராது. நம்ம மருந்தை மூக்குல விட்டா வரும்னுதானே எழுதினோம்?

– ஆமா. அதுக்கென்ன?

– ஒரு சுண்டெலியிலயும் இல்லக்கா. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.

– உனக்குத் தூக்கக் கலக்கம்.

– நானும் அப்படித்தான் நெனச்சு மூஞ்சி கழுவிட்டு வந்து பாத்தேன். அப்புறம் கட்டுரையில போட்ட படத்தைப் பெருசாக்கினேன். திசுவுக்கு நடுவுல கோணலா ஒரு கீறல்.

– கீறல் இல்லாத ஸ்லைடு எங்க இருக்கு?

– இது பல்லுப் போன கத்தியால எலி நுரையீரலை நான் சீவினப்ப விழுந்த கீறல். ‘இதையெல்லாம் வெட்டுன்னு வெளிய சொல்லாத’ன்னு நீங்களே சிரிச்சீங்க. அது எலி. சுண்டெலின்னு போட்டிருக்கீங்க.

– தொடப்பத்தை எடு, முதல்ல இதைக் கூட்டுவோம்.

– கூட்டறது இருக்கட்டும்க்கா. இல்லன்னாவது சொல்லுங்க, நம்பித் தொலைக்கிறேன்.

– என்ன சொல்லணும்?

– ராத்திரி பகலா உக்காந்து எழுதினது நீங்க. ஆனா கட்டுரையில முதல் பேரு என்னுது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டுக்கூடத்துல மாட்டியிருக்கேன். வர்றவங்க காலணி கழட்டறதுக்குள்ள அதைக் காட்டி, ‘எங்க அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு’ன்னு ஆரம்பிச்சுருவேன். எங்கம்மாவே எழுந்து உள்ள போயிடறாங்க.

– போதும், கோமாளி.

– ஒண்ணே ஒண்ணு மட்டும் நேரா சொல்லிடுங்க. முதல் பேரை ஏன் எனக்கு விட்டுக் குடுத்தீங்க?

– குழு முதல்ல அந்தப் பேர்க்காரனைத்தான் கூப்பிடும்.