நேவிக்காரர் வீட்டு றேடியோ

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் கணவன் நேவியில், திருகோணமலையில் என்பது பேச்சில் தெரிந்தது. மாதக்கணக்காக அவளுக்குச் சரியான சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. அடுத்த வீட்டு அக்கா கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்.

“தனியத்தானே இருக்கிறீர். றேடியோவையாவது போடுமன். மனதுக்கு ஆறுதலாயிருக்கும்.”

“நீங்கள் சொல்லித்தானே அக்கா நிப்பாட்டினனான்.”

“நான் எப்ப சொன்னனான்?”

“புருசன் கடலிலை, இவள் ஆருக்குப் பாட்டுப் போடுறாள் எண்டு கிணத்தடியிலை கேட்டனீங்கள். நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டனான்.”

“அது பகிடிக்குச் சொன்னது, பிள்ளை.”

“ஓம். எல்லாரும் சிரிச்சதும் கேட்டது.”

அக்கா அர்ச்சனைச் சாமான் பையை மடியில் இழுத்து இழுத்து வைத்தார். தீவு கிட்ட வந்ததும் இளையவளின் பக்கம் திரும்பினார்.

“வெக்கமாக் கிடக்குது, பிள்ளை. இண்டைக்குப் பின்னேரம் போடும். நானும் வந்திருந்து கேக்கிறன்.”

“பற்றறியைக் கழட்டி ரோச்லைற்றுக்குப் போட்டிட்டன், அக்கா. இரவிலை அதை எரியவிட்டுக்கொண்டுதான் படுக்கிறனான்.”