ஒன்றைத் தொட்டால் இரண்டு

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றே கால். அலுவலகங்கள் மட்டுமே இருக்கிற தெரு. இரு பக்கமும் ஷட்டர் இறக்கியிருந்தது. ஒரு நாய்கூட இல்லை. அந்தத் தெருவில் தன் அலுவலகத்துக்குத் தனியாக நடந்து போனவன் என் ஓரகத்தியின் தம்பி. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது... அந்த விளக்கை அணைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள்.

கைபேசிச் செயலிகளுக்குத் திரை வரைவது அவன் வேலை. எந்தப் பட்டன் எங்கே, என்ன நிறம் என்று கணினியில் வரைந்து கொடுப்பான். ஒரு பட்டன் மயிரிழை நகர்ந்தாலும் சோறு இறங்காது. அதனால் வீட்டில் அவன் பெயர் மில்லிமீட்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "கன்ஃபர்ம் லெட்டர் வரட்டும், அப்புறம் கல்யாணப் பேச்சு" என்று அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். நான் ஒட்டுக்கேட்கவில்லை. அவர் குரல் அப்படி.

திங்கள் காலை நாற்பது திரைகளை ஒப்படைத்தால்தான் கடிதம். அந்தக் கோப்பில்தான் கோளாறு. அனுப்பப் போனால் பாதியில் நின்றது. ஒரு பட்டனைச் சொடுக்கினால், ஓரத்தில் '2 தேர்வாகியுள்ளன' என்று வந்தது. வேறொன்றைத் தொட்டான். 2. வெறும் கோட்டைத் தொட்டான். 2. புதுக் கோப்பு திறந்து, ஒரே ஒரு கட்டம் வரைந்து, அதைத் தொட்டான்...

2.

சீனியர் அக்காவுக்கு ஃபோன் போட்டான்.

"ஏதோ மறைஞ்சு கிடக்குடா. லேயர் பட்டியலைத் திற. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் கண் படம் இருக்கும்ல? மூடின கண்ணு எதுன்னு பாரு, அதான் மறைச்சு வச்சது."

"எல்லாம் திறந்துதான் இருக்குக்கா."

"அடி வரைக்கும் இறங்கு."

வரைந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று போகிற பட்டியல் அது. இறங்கினான். இறங்கிக்கொண்டே இருந்தான். மவுஸ் சக்கரம் கிர்... கிர்... என்று சுற்றியது. நாற்பது திரைகளும் தாண்டி, பட்டியல் முடிகிற இடமும் தாண்டி, ஒரே ஒரு வரி. மூடின கண். வெகுநாள் கழித்துத் திறந்த அலமாரி வாசனை ஒன்று மூக்கில் ஏறியது.

"பேரே இல்லக்கா இதுக்கு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணைத் திறக்காத. அப்படியே அழிச்சிடு."

இந்தத் தொழில்காரர்களுக்கு எதையும் அழிக்க மனசு வராது. பழசே நல்லாயிருந்தது என்று நாளைக்கே வாடிக்கையாளர் வந்து நிற்பாராம். அதனால் குப்பையைக்கூட மறைத்துத்தான் வைப்பார்கள். என்னவென்று பார்த்துவிட்டு அழிக்கலாமே என்று... திறந்துவிட்டான் புத்திசாலி.

திரையில் ஒன்றுமே வரவில்லை. பக்கத்து நாற்காலி மட்டும் கிறீச்சென்று அரைச் சுற்று திரும்பியது.

பட்டியலைப் பார்த்தான். அந்த வரியே இல்லை. ஒரு பட்டனைத் தொட்டான். 1. கோப்பு சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை கடிதம் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே பெண் வீட்டுக்குப் போனான். ஓரகத்திக்குக் காய்ச்சல், தனியாகத்தான் போனான். அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்குள் பெண்ணின் அப்பாவிடமிருந்து ஃபோன். ஸ்பீக்கரில் போட்டான். ஓரகத்தி வீட்டில் சர்க்கரை வாங்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"எங்களுக்குப் பூரண சம்மதம் மாப்பிள்ளை."

ஓரகத்தி காய்ச்சலை மறந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு... உங்ககூட வந்தவரு இன்னும் கிளம்பலையே. வெளியே நின்னுட்டே இருக்காரு. கூப்பிட்டாலும் வாயைத் திறக்கல. பாவம்னு, எங்க பொண்ணுதான் தண்ணி எடுத்துட்டுப் போயிருக்கா."

அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்கிற சத்தம் ஃபோனில் எங்களுக்கும் கேட்டது.